தென்னையின் மேல் வந்த புகார்

ஓணாம்புதூர்க்காரர்களைப் போல விதிக்குக் கட்டுப்பட்டவர்களை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அந்த ஊருக்கு முதன்முதலாகப் பேருந்து விட்டபோது, ‘படியில் நிற்காதீர்கள்’ என்று அதில் எழுதியிருந்தது. ஏறும்போது ஒரு கணமாவது படியில் நிற்கத்தானே வேண்டும் என்று ஊரே கூடி யோசித்தது. கடைசியில் எல்லோரும் ஜன்னல் வழியாக ஏறினார்கள். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பேருந்தில் போவதற்கு அதுவும் ஒரு முறை போலிருக்கிறது என்று நினைத்து, எல்லோரும் ஒருமுறை தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரின் நடுநிலைப் பள்ளிக்கு மாணவர் நடத்தை விதிகளும் பாதுகாப்பு விதிகளும் வந்து சேர்ந்தன. எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும் என்பது உத்தரவு. பெயின்டர் மூக்காண்டி பெரிதாகவே எழுதினார். பள்ளிச் சுவர் முழுக்க எழுதியும் முதல் விதியில் பாதிதான் முடிந்தது. ‘மாணவர்கள் வராந்தாவில்’ என்பது வரை பள்ளிச் சுவர். ‘ஓடக் கூடாது’ என்பது எதிரே ரேஷன் கடைச் சுவர். அதற்குப் பிறகு விதிகள் தெருவோடு நடந்து, முக்குத் திரும்பி, மாரியம்மன் கோயிலைச் சுற்றிக்கொண்டு ஊர்க்கோடிவரை போய்விட்டன. ஒரு விதியைப் பார்க்க வேண்டுமென்றால் ஆசிரியர்கள் அந்த வீட்டுக்கே போய்த்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், மோர் கொடுப்பார்கள்.

இந்த விதிகளுக்கெல்லாம் யாரைப் பொறுப்பாகப் போடுவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் கோகிலவாணியைப் பார்த்தார்கள். அவள்தான் புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர்; அதுவும் தற்காலிகம். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அவள் வாங்கிய பட்டத்தை அவளுடைய அப்பா கண்ணாடி போட்டு மாட்டி, அதற்கு முன்னால் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அந்த வீட்டில் சண்டைகூட அடுப்படியில்தான் நடக்கும். கோகிலவாணி பயந்த சுபாவம். பொய் சொல்ல வராது. எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பாள். மற்றபடி அவளும் ஓணாம்புதூர்க்காரிதான்.

“வெள்ளிக்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் வர்றார்மா,” என்றார் தலைமையாசிரியர் உலகநாதன். “பாதுகாப்பு சம்பந்தமா ஒரு புகார்கூட முடியாம நிக்கக் கூடாது. நின்னா உங்க பணி நீட்டிப்புக்கு அவர் கையெழுத்துப் போட மாட்டார். அடுத்த வருஷம் நீங்க இங்க இருக்க முடியாது.”

“புகாரே இல்லையே சார்.”

“இல்லைன்னா ரொம்ப நல்லது. வந்தா முடிச்சிடுங்க.”

செவ்வாய்க்கிழமை மதியம் புகார் வந்தது.

ஏழாம் வகுப்புப் பொன்னரசி சத்துணவை வாங்கிக்கொண்டு போய், திடலோரத்துத் தென்னை மரத்தடியில் தட்டைக் கீழே வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் மேலேயிருந்து ஒரு தேங்காய் நேராகத் தட்டில் வந்து விழுந்தது. சாம்பார் சாதம் அவள் சட்டையெல்லாம் தெறித்தது. தட்டு நசுங்கிப் போயிற்று.

“டீச்சர், எனக்கு வேற தட்டு வேணும்,” என்று கோகிலவாணியிடம் வந்து நின்றாள்.

“யார் பண்ணினது?”

“தென்னமரம் டீச்சர்.”

கோகிலவாணிக்குத் திக்கென்றது. “உன்னை அடிச்சுதா?”

“தட்டைத்தான் அடிச்சுது.”

“இன்னைக்குத் தட்டு. நாளைக்கு?”

பொன்னரசி யோசித்தாள். “நாளைக்கு முட்டை டீச்சர்.”

புகார்களைப் பற்றிய விதி இஸ்திரிக் கடைச் சுவரில் இருந்தது. உலகநாதன், தமிழையா இரத்தினசபாபதி, விளையாட்டு ஆசிரியர் டேனியல், கோகிலவாணி என்று பள்ளியின் மொத்த ஆசிரியர்களும் கிளம்பிப் போய் அதன் முன்னால் நின்றார்கள். ‘பள்ளி வளாகத்துக்குள் மாணவரையோ அவர் உடைமையையோ தாக்கியவர் யாராக இருந்தாலும் உடனே விசாரிக்க வேண்டும்.’

“‘யாராக இருந்தாலும்’னு போட்டிருக்கு,” என்றார் தமிழையா. “அப்படின்னா மரமா இருந்தாலும்.”

“மரம்னு தனியாப் போடலையே ஐயா?” என்றார் டேனியல்.

“போட்டிருந்தா மரத்தை மட்டும்தான் விசாரிக்கணும். போடாததாலதான் மரத்தையும் விசாரிக்கணும்.”

இதில் ஓட்டை எதுவும் இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. இஸ்திரி போடுகிற சின்னப்பன் அந்த ஊரில் பெண் எடுத்து, அங்கேயே தங்கிவிட்ட வெளியூர்க்காரர். அவர் மட்டும், “சார், அது தேங்கா. முத்தினா விழும்,” என்றார்.

“அப்போ முன்விரோதம் எதுவும் இல்லைங்கறீங்க,” என்றாள் கோகிலவாணி கவனமாக.

சின்னப்பன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விசாரணைக்காகத் தென்னை மரத்துக்கு முன்னால் மேசையும் நாற்காலிகளும் போடப்பட்டன. உலகநாதன் கனிவான மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏன்ப்பா அந்தப் பொண்ணு தட்டுல போட்டே?” என்று கேட்டார்.

மரம் பேசவில்லை.

“பயப்படாம சொல்லு. இங்க யாரும் உன்னை அடிக்க மாட்டாங்க.”

கொஞ்சம் காற்று வீசியது. மரத்தின் தலை ஆடியது.

“தலைய ஆட்டுது சார்! ஒத்துக்கிச்சு!” என்றார் டேனியல்.

“எப்படி ஆட்டுதுன்னு பாருங்க சார்,” என்றாள் கோகிலவாணி. “மேலயும் கீழயும் ஆட்டினாத்தான் ஆமாம். இது பக்கவாட்டுல ஆட்டுது. இல்லைங்குது.”

டேனியல் அப்படியெல்லாம் விட்டுவிடுகிறவர் இல்லை. தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பார்த்தார். “படுத்துப் பாத்தா மேலயும் கீழயும்தான் சார் ஆட்டுது.”

எல்லோரும் படுத்துப் பார்த்தார்கள். உண்மைதான். நின்றுகொண்டு கேட்டபோது மறுத்தது என்றும், படுத்துக்கொண்டு கேட்டபோது ஒப்புக்கொண்டது என்றும் இரண்டையும் எழுதிக்கொண்டார்கள்.

“கேள்வி கேட்டா மேல பாத்துக்கிட்டு நிக்குது பாருங்க,” என்றார் டேனியல் மண்ணைத் தட்டிக்கொண்டே. “எட்டாங்கிளாஸ் பசங்க மாதிரியே திமிரு.”

அந்தப் பேச்சிலிருந்துதான் அடுத்த சிக்கல் பிறந்தது. நடவடிக்கை எடுக்க வேண்டுமென்றால், எடுக்கப்படுகிறவர் மாணவரா, ஊழியரா, பார்வையாளரா என்று தெரிய வேண்டும். இந்த மூன்று வகையினரைத் தவிர வேறு யாரும் வளாகத்தில் இருக்கக் கூடாது என்று மாவு மில் சுவரில் தெளிவாக எழுதியிருந்தது. கோகிலவாணி கணக்கு டீச்சர் அல்லவா? ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தாள்.

“பார்வையாளர்னா சாயங்காலம் மணி அடிச்சதும் வெளிய போயிருக்கணும். இது போறதே இல்ல. ஊழியர்னா சம்பளம் வாங்கணும். வாங்கல.”

“போன மாசம் எனக்குந்தான் வரலை,” என்றார் தமிழையா கவலையோடு.

“நீங்க தினமும் கேட்டுக்கிட்டு இருக்கீங்க ஐயா. அது ஒரு நாள்கூடக் கேக்கலையே.”

தமிழையா நிம்மதியாக மூச்சு விட்டார். மிச்சமிருந்தது மாணவர் மட்டும்தான். எந்த வகுப்பு என்பதை டேனியல் கண்டுபிடித்தார். ஒவ்வொரு வகுப்பாகத் திடலுக்கு அழைத்து உயர வரிசையில் நிற்க வைத்துப் பார்த்தார். எட்டாம் வகுப்பு வரிசையின் கடைசியில் மரம் கச்சிதமாகப் பொருந்தியது.

“சரி, எட்டாம் வகுப்பு,” என்றார் உலகநாதன். “தப்புப் பண்ணின பையன். ஒரு பீரியடு வகுப்புக்கு வெளிய நிக்கட்டும். புகாரை முடிச்சிடலாம்.”

“வெளியதான் சார் நிக்குது,” என்றாள் கோகிலவாணி.

உலகநாதன் எழுத எடுத்த பேனாவை மூடினார்.

“எப்ப இருந்து?” என்றார் உலகநாதன் மெதுவாக.

“நான் இங்க ஒண்ணாவது படிக்கும்போதே நின்னுச்சு சார்.”

“நிக்க வெச்சது யாரு?”

“முன்னாடி இருந்த எச்.எம்.மா இருக்கும்,” என்றார் டேனியல். “அவர் பயங்கரக் கோவக்காரராமே. நிக்க வெச்சிட்டு, உள்ள வான்னு சொல்ல மறந்துட்டு, ரிட்டயர் ஆயிட்டார் போல.”

எல்லோரும் மரத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். தமிழையா மரத்தின் அருகே போய் நின்றார். “அவர் போய் எவ்வளவு காலமாச்சு! யாராவது கவனிக்கிறாங்களான்னுகூடப் பாக்காம, சொன்ன இடத்துல சொன்ன மாதிரி நின்னுருக்கு. மழையில நின்னுருக்கு. வெயில்ல நின்னுருக்கு. என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுக்கமான பிள்ளையை நான் பார்த்ததில்லை.”

‘வெயில்’ என்ற சொல் காதில் விழுந்ததும் கோகிலவாணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். வெயிலைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. டைலர் பாக்கியம் வீட்டுக் குளியலறைச் சுவரில் படித்த ஞாபகம். நால்வரும் ஓடினார்கள். பாக்கியத்தின் மாமனார் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். அவர் துவட்டிக்கொண்டு வெளியே வரும்வரை காத்திருந்து, பிறகு வரிசையாக உள்ளே போய்ப் படித்தார்கள். ‘எக்காரணம் கொண்டும் மாணவரை வெயிலில் நிற்க வைக்கக் கூடாது. மீறினால் பாதுகாப்புப் பொறுப்பாசிரியர் பணியிலிருந்து நீக்கப்படுவார்.’

கோகிலவாணி சோப்பு வைக்கிற மாடத்தைப் பிடித்துக்கொண்டாள். நீட்டிப்பு கிடைக்காமல் போவது ஒன்று. இருக்கிற வேலையிலிருந்தே நீக்கப்படுவது வேறு. அப்பா அந்தப் பட்டத்தைக் கழற்றிவிட்டு, பழையபடி அந்த ஆணியில் சட்டையை மாட்டுவார்.

“அழாதீங்கம்மா,” என்றார் உலகநாதன். “வெயில்ல நின்னாத்தானே தப்பு? நிழல்ல நிக்க வெச்சிடலாம்.”

மறுநாள் நண்பகலில் அவருக்கு ஓர் அதிசயம் புலப்பட்டது. மரத்தின் நிழல் சரியாக மரத்தின் காலடியிலேயே விழுந்திருந்தது. “பாருங்க, பாருங்க! நிழல்லதான் நிக்குது!”

“ஒரு மணிக்கு நிழல் நகந்துடுமே சார்?”

“அப்போ அதையும் கொஞ்சம் நகரச் சொல்லுங்க.”

சொல்லிப் பார்த்தார்கள். அது நகரவில்லை. உள்ளே வா என்று சொல்லாமல் நகராத பிள்ளை அது என்பது எல்லோருக்கும் தெரியும். ‘உள்ளே வா’ என்றும் சொல்லிப் பார்த்தார்கள். கூச்சமோ என்னவோ, வரவில்லை. கடைசியில் டேனியல்தான் வழி சொன்னார். பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் வகுப்பு பிள்ளையிடம் போகலாம்.

எட்டாம் வகுப்பு பெஞ்சுகளையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து மரத்தைச் சுற்றிப் போட்டார்கள். கரும்பலகையை அதன் எதிரே நிறுத்தினார்கள். சுண்ணாம்பால் சுற்றிலும் கோடு போட்டு, கதவு இருக்க வேண்டிய இடத்தில் சிறிது இடைவெளி விட்டார்கள். ஒரு மேஜை விசிறியை எடுத்து வந்து மரத்தின் பக்கம் திருப்பி வைத்தார்கள். இப்போது மரம் வகுப்புக்கு உள்ளே இருந்தது. கோகிலவாணி கோட்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்து சரிபார்த்தாள். அவளுக்கு முகத்தில் களை வந்தது.

அப்போது கரும்பலகையின் மேல் ஒரு தேங்காய் விழுந்தது.

சத்துணவு சமைக்கிற சடையம்மாள் ஓடிவந்து, கையோடு கொண்டுவந்த அலுமினியத் தட்டுகளை ஆளுக்கொன்றாகப் பிள்ளைகள் தலையில் கவிழ்த்தாள். அன்றிலிருந்து எட்டாம் வகுப்பு தட்டோடுதான் படித்தது. வருகைப்பதிவு எடுக்கும்போது ‘உள்ளேன் டீச்சர்’ என்று எழுந்தால் தட்டு சரிந்து விழும். பொன்னரசி ஏழாம் வகுப்பு ஜன்னல் வழியாக அதையெல்லாம் பார்த்து, “எல்லாருக்கும் தட்டு குடுக்குறீங்க, எனக்கு மட்டும் குடுக்க மாட்டேங்குறீங்க,” என்றாள்.

“ஏன் டீச்சர் இவ்வளவு பாடு?” என்றாள் சடையம்மாள். “ஆளை விட்டுக் காயைப் பறிச்சுப் போட்டா முடிஞ்சுது. நானும் துவையல் அரைப்பேன்.”

மரமேறி வேலுச்சாமி வந்தார். இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு மரத்தை அணைத்துப் பிடித்தார்.

“கையை எடுங்க!” என்று கத்தினாள் கோகிலவாணி. “மாணவர் மேல யாரும் கை வைக்கக் கூடாது!”

வேலுச்சாமி திடுக்கிட்டுக் கையை எடுத்தார். அவரும் ஓணாம்புதூர்தான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “கால மட்டும் வெச்சு ஏறட்டுங்களா?”

“மிதிக்கிறது அதைவிட மோசம்,” என்றார் தமிழையா.

“அதோட,” என்றாள் கோகிலவாணி, “மாணவர்கிட்ட இருக்கிற பொருளைப் பெத்தவங்க சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாது. பால் சொசைட்டி சுவத்துல இருக்கு.”

வேலுச்சாமி அரிவாளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஆக, பெற்றோரைப் பார்த்தே தீர வேண்டும். புகாரில் கையெழுத்துப் போடவும் அவர்கள்தான் வேண்டும். அந்தக் கன்று பக்கத்து ஊர் மாசிலாமணி தோப்பிலிருந்து வந்தது என்று சடையம்மாள் சொன்னாள். வியாழக்கிழமை காலை நால்வரும் கிளம்பிப் போனார்கள். மாசிலாமணி தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

“வணக்கங்க. உங்க தோப்புல இருந்து வந்த பையன் ஒருத்தன் எங்ககிட்ட எட்டாவது படிக்கிறான்,” என்று ஆரம்பித்தார் உலகநாதன். “அவங்க அம்மாவைப் பாக்கணும்.”

“என் தோப்புல இருந்தா? யாருங்க அது?”

“தென்னை.”

மாசிலாமணி மண்வெட்டியைக் கீழே வைத்தார். “சார், அது தென்னமரம்.”

“தெரியுங்க. அம்மா எங்க இருக்காங்க?”

மாசிலாமணி நால்வரையும் ஏற இறங்கப் பார்த்தார். எப்படியாவது இவர்களை அனுப்பிவிட்டால் போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். “அந்தக் கன்னோட தாய்மரம் புயல்ல சாஞ்சிருச்சுங்க. அறுத்து மாட்டுக்கொட்டாய்க்கு உத்தரமாப் போட்டுட்டேன். அந்தா இருக்கு.”

டேனியல் தொப்பியைக் கழற்றினார். நால்வரும் மாட்டுக்கொட்டகைக்குள் போய், உத்தரத்தை அண்ணாந்து பார்த்தபடி தலை குனிய முடியாமல் நின்று, பிறகு தலை குனிந்தால் உத்தரம் தெரியாமல் தவித்து, ஒருவழியாக அஞ்சலி செலுத்தினார்கள். மாடுகள் ஒதுங்கி இடம் விட்டன.

“தாயில்லாப் பிள்ளை,” என்றார் தமிழையா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அதான் இப்படி நடந்துக்குது. நாம வேற நாலு பேர் முன்னாடி விசாரிச்சுட்டோம்.”

“அப்பாவாவது இருக்காரா?” என்று கேட்டாள் கோகிலவாணி.

“தென்னைக்கு ஏதும்மா அப்பா? காத்துலயும் தேனீயிலயும் மகரந்தம் வரும். எந்த மரத்துல இருந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

கோகிலவாணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஐயா, இதை வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பிள்ளைங்க கேலி பண்ணும்.”

பாதுகாவலராக நீங்களே கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டதற்கு மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. “இதுல கையெழுத்துப் போட நான் என்ன பைத்தியக்காரனா?”

“இல்லைன்னாலும் பரவாயில்லைங்க,” என்றார் உலகநாதன் பெருந்தன்மையாக. “யார் வேணாலும் போடலாம்.”

தோப்புப் படல் பட்டென்று சாத்தப்பட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. புகார் முடியாமல் அப்படியே நின்றது. கோகிலவாணி இரவெல்லாம் தூங்காத கண்ணோடு பள்ளிக்கு வந்தாள். “மாசிலாமணி போட்ட மாதிரி நாமளே ஒரு கையெழுத்துப் போட்டுடலாமா?” என்று டேனியல் கேட்டார். அவளால் முடியவில்லை. புகார் ஒன்று நிற்கிறது என்றே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். வேலை போனால் போகட்டும் என்று வாய் சொன்னது. கை புகார்த் தாளை இரண்டு தடவை சரிபார்த்தது.

வட்டாரக் கல்வி அலுவலர் தணிகாசலம் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே காதில் போன் இருந்தது. அன்றைக்கு அவர் இன்னும் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டும். போனைத் தோளால் இடுக்கிக்கொண்டே திடலைப் பார்த்தார்.

“மரத்தடி வகுப்பா? நல்ல முயற்சி. தலையில என்ன தட்டு? ஓ, ஹெல்மெட் விழிப்புணர்வா? வெரி குட்.” பிறகு போனில், “உங்களைச் சொல்லலை சார். சொல்லுங்க,” என்றார். அலுவலக அறையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். “பாதுகாப்புப் பொறுப்பு யாரு? புகார் ஏதாவது நிக்குதா?”

“ஒண்ணு நிக்குது சார்,” என்றாள் கோகிலவாணி. உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். “ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியோட தட்டை உடைச்சது சார். எட்டாம் வகுப்பு.”

“பெத்தவங்களை வரச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டியதுதானே?”

“அம்மா புயல்ல போயிட்டாங்க சார். அப்பா யாருன்னு தெரியல. பாதுகாவலர் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார்.”

“ப்ச்,” என்றார் தணிகாசலம். “விசாரிச்சீங்களா? என்ன சொன்னான்?”

“வாயே திறக்கல சார். பேர்கூடத் தெரியல.”

“இந்த மாதிரிப் பசங்களை வெச்சிருந்தா பள்ளிக்கூடத்துக்கே கெட்ட பேரு. டி.சி.யைக் கொடுத்து வெளிய அனுப்புங்க. புகார் முடிஞ்சுதுன்னு எழுதிடறேன். உங்க நீட்டிப்புலயும் கையெழுத்துப் போட்டுடறேன்.” பேனா காகிதத்தைத் தொட்டது.

தலை ஆட்டினால் போதும். மேலும் கீழுமாக ஒரே ஒரு தடவை. கோகிலவாணி ஜன்னல் வழியாகத் திடலைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை, தனக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரியாமல், விசிறிக் காற்றில் நின்றுகொண்டிருந்தது.

“முடியாது சார்,” என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. “எட்டாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் வெளிய அனுப்பக் கூடாது. விதி இருக்கு. வெட்டியான் வீட்டுக்கு எதிர்ச்சுவர். வாங்க, காட்டறேன்.”

தணிகாசலம் போனைக் காதிலிருந்து எடுத்தார். அன்றைக்கு முதல்முறையாக எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்தார். அவள் சொன்னது சரி. விதிக்கு எதிராக உத்தரவு போடவிருந்தது அவர்தான். நல்லவேளை, இன்னும் எழுதவில்லை.

“வேலை போயிடும்னு பயம் இல்லாம ஒரு பிள்ளைக்காகப் பேசுறீங்க,” என்றார். “இப்படித்தான் இருக்கணும் டீச்சர்.” பச்சை மையில் எழுதினார்: ‘மேற்படி மாணவரைப் பள்ளியே பாதுகாவலராக இருந்து அரவணைக்க வேண்டும். புகார் முடிக்கப்பட்டது. பொறுப்பாசிரியருக்குப் பணி நீட்டிப்பு வழங்கலாம்.’ கையெழுத்தும் முத்திரையும் போட்டார். “ஒரே ஒரு நிபந்தனை. எட்டாவது முடிக்கிற பிள்ளைங்க எல்லாரும் டவுன் ஸ்கூல்ல ஒன்பதாவது சேர விண்ணப்பம் போடணும். இந்தப் பிள்ளையும்தான். ஒண்ணு குறைஞ்சாலும் ஆர்டர் உங்க கைக்கு வராது. சரி, அவனைக் கூப்பிடுங்க. ரெண்டு வார்த்தை புத்தி சொல்லிட்டுப் போறேன்.”

“அது வராது சார். நாமதான் போகணும்,” என்றார் டேனியல்.

அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். தணிகாசலம் மரத்தடியைப் பார்த்தார். மரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். டேனியல் அன்போடு கையை மேலே காட்டினார். தணிகாசலம் மெல்ல மெல்ல அண்ணாந்து, உச்சி வரை போய், அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டார். பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பச்சை மை காய்ந்திருந்தது. அதை ரத்து செய்ய வேண்டுமென்றால், எதற்காக ரத்து என்று காரணம் எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் காரணத்தை மனசுக்குள் ஒருமுறை எழுதிப் பார்த்தார். வியர்த்துவிட்டது.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மரத்தைப் பார்த்து, “நல்லாப் படிக்கணும்,” என்றார். “யார் தட்டையும் உடைக்கக் கூடாது. புரியுதா?”

காற்று வீசியது. தணிகாசலம் விறுவிறுவென்று போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஜீப் வாசலைத் தாண்டும்போது வெளியே தலையை நீட்டி, “விண்ணப்பத்துல போட்டோ ஒட்ட மறந்துடாதீங்க!” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை கடைசி நாள். மற்ற பிள்ளைகளின் விண்ணப்பங்கள் எல்லாம் தயார். இந்த ஒன்று மட்டும்தான் பாக்கி. கோகிலவாணி பாஸ்போர்ட் அளவுப் போட்டோ எடுக்கக் கடைத்தெரு ஸ்டூடியோ குணசேகரை அழைத்து வந்தாள். முகம் நேராகத் தெரிய வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தது.

டேனியலும் வேலுச்சாமியும் இரண்டு நீள மூங்கிலில் சடையம்மாளின் வெள்ளைப் புடவையைக் கட்டி, மரத்தின் தலைக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தார்கள். தமிழையா கீழே நின்று, “நிமிந்து நில்லுப்பா, பதறாதே,” என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேராக வர வேண்டும் என்பதற்காகக் குணசேகர் பள்ளி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றார். ஒரு கண்ணை மூடி, கேமராவைத் திருப்பி, “கொஞ்சம் மோவாயை இறக்கு தம்பி… போதும்… அப்படியே இரு,” என்றார்.

கீழே உலகநாதன் மூச்சுவிடவில்லை. கோகிலவாணி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றாள்.

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

“படம் நல்லா விழுந்துச்சாண்ணே?” என்று கத்தினாள் கோகிலவாணி.

குணசேகர் கேமராவைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“கண்ணை மூடிடுச்சு டீச்சர். இன்னொண்ணு எடுத்துடலாம்.”